எது மலிவான ஸ்கூட்டர்? அன்றாடப் பயண வண்டியின் விலையும் செலவும்

அன்றாடம் அலுவலகத்துக்கோ கடைக்கோ கல்லூரிக்கோ சென்றுவர ஒரு ஸ்கூட்டர் வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, எந்த வண்டி மலிவானது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் மலிவு என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள்கள் உண்டு. வண்டியை எடுக்கும் நாளில் கையைவிட்டுப் போகும் தொகை ஒன்று, அதை விற்கும் நாள்வரை ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விழுந்த செலவு மற்றொன்று. முதற்பொருளில் மலிவாக இருக்கும் வண்டி இரண்டாம் பொருளிலும் மலிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஷோரூமில் நிறம், நிறுவனப் பெயர், தள்ளுபடி ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடந்தாலும், தமிழ்நாட்டு நிலைமைகளை வைத்துப் பார்க்கும்போது இக்கேள்விக்கு உண்மையில் விடை சொல்பவை, ஒரு நாளில் வண்டி ஓடும் தூரமும் இரவில் அது நிற்கும் இடமும் அதை ஓட்டப்போகிறவரின் உடல்வாகுமே என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

இந்தியாவில் ஸ்கூட்டரின் விலை எப்போதும் இதே முறையில் கேட்கப்பட்ட கேள்வியாக இருந்ததில்லை. 1950களில் மும்பையில் லாம்ப்ரெட்டா வண்டிகள் பூட்டப்பட்டு விற்கப்பட்டதும், அதன்பின் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தின் உரிமத்துடன் பஜாஜ் நிறுவனம் வெஸ்பாவைத் தயாரித்ததும், அந்த உரிமம் முடிந்தபின் 1972இல் ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கிய சேத்தக் வந்ததும், தொழில் உரிமங்களால் உற்பத்திக்கு வரம்பு கட்டப்பட்டிருந்த காலத்தில் நிகழ்ந்தவை. பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்நாளில், கையில் வந்த வண்டியை மறுநாளே கூடுதல் விலைக்கு விற்க முடிந்தது. எனவே வாங்குபவர் எந்த வண்டி என்று கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார். அந்த வண்டிகளில் இடக்கைப் பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும், கிளப்புவதற்கு உதைக்க வேண்டும், பஞ்சர் ஆனால் மாற்றிக்கொள்ள ஒரு ஸ்டெப்னி உடன் வரும். இன்றைய ஸ்கூட்டரில் இம்மூன்றுமே ஏறக்குறைய மறைந்துவிட்டன.

கியர் இல்லாமல், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டரை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது 1984இல் தொடங்கப்பட்ட கைனடிக் ஹோண்டா கூட்டு முயற்சி. 1990களில் எடை குறைந்த டிவிஎஸ் ஸ்கூட்டியும் 2001இல் ஹோண்டா ஆக்டிவாவும் வந்தபின், கியர் வண்டி என்பது மோட்டார் சைக்கிளையும் கியர் இல்லாத வண்டி என்பது ஸ்கூட்டரையும் குறிக்கும் அளவுக்குச் சந்தை பிரிந்துபோனது. தன் நாட்டுச் சந்தையைக் கட்டியாண்ட பஜாஜ் 2009இல் ஸ்கூட்டர் உற்பத்தியையே கைவிட்டு, 2020இல் மின்சாரச் சேத்தக்கோடு திரும்பிவந்தது. தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தின் தடம் மொழியிலேயே பதிந்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் கியர் இல்லாத வண்டியானாலும் அதை ஸ்கூட்டி என்றே அழைக்கும் வழக்கம், ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயராகிவிட்டதைக் காட்டுவதோடு, அந்த வண்டி யாருடைய வண்டியாக ஆனது என்பதையும் நினைவூட்டுகிறது. சேலையோ சுடிதாரோ அணிந்த பெண்கள் தாமாகவே ஓட்டிச் செல்லும் முதல் மோட்டார் வாகனமாக எண்ணற்ற குடும்பங்களில் இருந்தது அதுவே.

மலிவைப் பற்றிய ஆய்வில் மொபெட்டை விட்டுவிட முடியாது. ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடியதாக இருந்ததால் சிறு வணிகரின் வண்டியாக ஊன்றிக்கொண்டது. அதன் வழிவந்த எக்ஸ்எல் 100, சுமார் 100 சிசி கொள்ளளவுள்ள நான்கு வீச்சு என்ஜினோடு இன்றும் விற்கிறது. கீரைக் கட்டும் பால் கேனும் தேங்காய் மூட்டையும் ஏறும் அந்த வண்டியில், மாறும் பல் விகிதங்கள் கிடையாது, ஒரே விகிதம்தான். வேகம் குறைவு, மேம்பாலத்தில் ஏற்றம் கடினம், மழைக்கோட்டை வைக்கக்கூட மூடிய இடமில்லை. ஆயினும் வாங்கும் விலை, எரிபொருள், பழுதுச் செலவு ஆகிய மூன்றிலும் ஸ்கூட்டரைவிட அது கீழே நிற்கிறது. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சுமையோடு திரும்பத் திரும்பச் சென்றுவருகிறவருக்கு, மலிவு என்ற சொல்லின் இரண்டு பொருள்களிலும் விடை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஸ்கூட்டருக்குரிய மதிப்பு அதற்கு இல்லை என்ற எண்ணமே பலரை அதனிடமிருந்து விலக்குகிறது.

ஸ்கூட்டரின் ஓட்டச் செலவைப் புரிந்துகொள்ள அதன் உட்புறம் சற்றே தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பற்சக்கரங்களும் சங்கிலியும் செய்யும் வேலையை, கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும் செய்கின்றன. என்ஜின் வேகம் கூடும்போது முன்கப்பிக்குள் இருக்கும் சிறு உருளைகள் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டுக் கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குவதால் பெல்ட் மேலேறுகிறது. அதற்கேற்பப் பின்கப்பியில் உள்ளே இறங்குகிறது. இவ்வாறு பல் விகிதம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. சக்கரத்துக்கு விசையைச் சேர்ப்பது, சுழலும் வேகத்தால் விரிந்து பற்றிக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்ச். இந்த அமைப்பு நெரிசலில் இடக்கைக்கு ஓய்வு தருகிறது. ஆனால் பெல்ட்டின் உராய்விலும் கிளட்சின் நழுவலிலும் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டருக்கு 60 கிலோமீட்டரை எளிதில் தொடும் சாலையில் 110 சிசி ஸ்கூட்டர் 45ஐ ஒட்டியே நிற்பதற்கு முதற்காரணம் இதுதான். இந்த வேறுபாட்டை எந்த நிறுவனத்தின் ஸ்கூட்டரை வாங்கியும் தவிர்த்துவிட முடியாது.

மைலேஜ் என்று பொதுவாக வழங்கும் எரிபொருள் திறனைப் பற்றிய விளம்பர எண்கள், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெறப்படுபவை. அவை ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். கோயம்பேட்டிலிருந்து கிண்டிவரை இரண்டு பேரோடு சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் வண்டிக்கு உதவமாட்டா. மேலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்ட நிலையில், எத்தனாலின் ஆற்றல் அடர்த்தி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவதும் இயல்பே. ஒரு வண்டியின் உண்மையான மைலேஜை அறிய, பங்க்கில் தொட்டி நிறைய நிரப்பி, 150 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டி, மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பிக் கணக்கிடுவதே நம்பத்தக்க வழி. வாங்குவதற்கு முன்பு இதைச் செய்ய இயலாது என்பதால், அதே வண்டியை அதே ஊரில் ஓட்டும் இருவரிடம் கேட்டறிவது விளம்பரத்தைவிட மேலானது.

விலைக்கு வந்தால், ஷோரூம் விலைக்கும் சாலைக்கு வரும் விலைக்கும் இடையிலுள்ள தூரத்தை முதலில் அளக்க வேண்டியிருக்கிறது. ஷோரூம் விலை என்பது சரக்கு, சேவை வரியை உள்ளடக்கிய விலை. 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டபின், 110 சிசி ஸ்கூட்டர்களின் தொடக்க வகைகள் ஏறத்தாழ 70,000 முதல் 80,000 ரூபாய் என்ற எல்லைக்குள் வந்தன. இதன்மேல் ஏறுவது மாநில அரசின் வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது வண்டிக்கு 10 சதவீதமும் அதைத் தாண்டியதற்கு 12 சதவீதமும் கட்ட வேண்டும். ஒரு லட்சத்தை ஓரிரு ஆயிரம் தாண்டும் வண்டி இந்த எல்லைக்கோட்டினால் மட்டுமே கூடுதலாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொள்ளும் என்பதால், 125 சிசி வண்டியின் மேல்வகைகளை நாடுகிறவர் அக்கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது காப்பீடு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை முன்னதாகவே எடுத்தாக வேண்டும். வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் காப்பீடு அது. 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2022 ஜூனில் வகுக்கப்பட்ட அதன் ஐந்தாண்டுக் கட்டணம் 3,851 ரூபாய். சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கத்தக்கது. கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். காப்பீட்டை விற்பனையாளரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவரில் பெரும்பாலோர் அவர் நீட்டும் தாளில் கையெழுத்திடுகின்றனர். வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், வேறு வழியில் அத்தகைய காப்பீடு ஏற்கெனவே இல்லாதவருக்குக் கட்டாயம். இவை தவிர, கையாளும் கட்டணம் என்ற பெயரிலும், கால்மிதி, சீட் உறை, காப்புக் கம்பிகள் ஆகிய துணைப்பொருள்களின் தொகுப்பு என்ற பெயரிலும் சேர்க்கப்படும் தொகைகள் பேரத்துக்கு உரியவை. எல்லாம் சேர்ந்து 75,000 ரூபாய் வண்டி 90,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது.

தவணையில் வாங்குகிறவருக்கு இன்னொரு மறைவான விலை உண்டு. இருசக்கரக் கடனில் வட்டி பெரும்பாலும் நிலைவட்டியாகச் சொல்லப்படுகிறது. அதாவது, அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே இறுதிவரை வட்டி கணக்கிடப்படுகிறது. 80,000 ரூபாயை 9 சதவீத நிலைவட்டியில் 24 மாதத் தவணையாக வாங்கினால் வட்டி 14,400 ரூபாய், மாதத் தவணை 3,933 ரூபாய். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த 9 சதவீதத்தைக் குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் ஆண்டுக்கு 16 சதவீதத்துக்கும் மேலாகிறது. வங்கி நகைக்கடனோ கூட்டுறவுச் சங்கக் கடனோ இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் வீட்டில், ஷோரூமில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் நிதி நிறுவனத்தின் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லை.

இனி இவ்வாய்வின் மையக் கணக்கு. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டி ஐந்தாண்டில் 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 45 என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 67,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதே வண்டி நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் ஐந்தாண்டு எரிபொருள் 27,000 ரூபாயில் அடங்கிவிடும். 50 கிலோமீட்டர் ஓடினாலோ 1,68,000 ரூபாயாகும். முதல் வகையில் பெட்ரோலும் வண்டியின் விலையும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன; இரண்டாவதில் வண்டியின் விலையே செலவு; மூன்றாவதில் வண்டியின் விலை செலவின் சிறுபகுதி. இவ்வாறிருக்க, மூவருக்கும் ஒரே வண்டியைச் சிறந்ததென்று பரிந்துரைக்கும் பட்டியல்கள் எதற்குப் பயன்படும் என்பது கேட்கத்தக்கது. குறைவாக ஓட்டுகிறவர் வாங்கும் விலையைக் குறைக்க வேண்டும், அதாவது பழைய வண்டியை நாட வேண்டும். மிகுதியாக ஓட்டுகிறவர் எரிபொருளைக் குறைக்க வேண்டும், அதாவது மின் வண்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய பெட்ரோல் ஸ்கூட்டர் இவ்விருவருக்கும் இடைப்பட்டவர்க்கே முழுப் பொருத்தமாகிறது.

மின் ஸ்கூட்டரின் கணக்கு எளிது. மின்கலத்தின் கொள்ளளவு கிலோவாட் மணி என்ற அலகில் சொல்லப்படுகிறது. மின்கட்டண அட்டையில் யூனிட் என்று குறிக்கப்படுவதும் அதுவே. நகரச் சாலையில் ஒரு மின் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 யூனிட் எடுக்கிறது. மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பைச் சேர்த்து 3.5 என்று கொள்ளலாம். யூனிட் 7 ரூபாய் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஐந்தாண்டு மின்சாரச் செலவு 18,000 ரூபாயைச் சற்றே தாண்டும். பெட்ரோலோடு ஒப்பிட மிச்சம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். என்ஜின் ஆயில், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றின் செலவும் இல்லை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர் நிறுவனங்களும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவும் ராணிப்பேட்டையில் ஆம்பியரும் தொழிற்சாலை அமைத்திருப்பதால், நாட்டின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்தே புறப்படுகிறது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

எளிதான இக்கணக்கைச் சிக்கலாக்குவது வீடு. தரைத்தளத்தில் தனி மீட்டருக்கு அருகில் வண்டியை நிறுத்த முடிந்தவருக்குத் தடையில்லை. மூன்றாம் மாடியில் குடியிருந்து தெருவில் வண்டியை விடுகிறவருக்கும், போர்ஷனில் வாடகைக்கு இருந்து வீட்டுக்காரரின் துணை மீட்டருக்குக் கட்டணம் கொடுக்கிறவருக்கும் மின் வண்டி அன்றாடத் தொல்லையாகிவிடும். கழற்றி எடுத்துச் செல்லும் மின்கலம் ஒரு வழி. அதன் எடையை நாள்தோறும் மாடிக்குச் சுமப்பதையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிநிலையாகக் கணக்கிடப்படுவதும், 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளின் சலுகை குறைந்துவிடுவதும் பலரும் மறக்கும் செய்தி. ஏற்கெனவே 470 யூனிட் செலவிடும் வீட்டில் வண்டிக்கென மாதம் 25 யூனிட் சேர்ந்தால் அந்த எல்லை தாண்டப்படுகிறது. அப்போது மின்சாரத்தின் உண்மை விலை யூனிட்டுக்கு 7 ரூபாயாக இராது.

மின் வண்டியின் ஒருமுறை ஓட்டத் தூரமும் பெட்ரோல் வண்டியின் மைலேஜைப் போலச் சோதனைக் கூடத்து எண்ணே. 2.2 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட தொடக்கநிலை வண்டி, நகரில் 60 முதல் 70 கிலோமீட்டர் தரும் என்று கொள்வதே விவேகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் குறையும். எனவே அன்றாடத் தேவையைப் போல் இரு மடங்கு தூரம் தரும் மின்கலமே போதுமானது என்ற பழைய நடைமுறை விதி இன்னும் செல்லும். மின்கலத்துக்கான வாரன்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தரப்படும் என்ற மூன்றையும் எழுத்தில் பெறாமல் முன்பணம் கட்டுவது தகாது. ஏனெனில் வண்டியின் விலையில் கணிசமான பகுதி மின்கலத்துக்குரியது; அதை மாற்ற நேர்ந்தால் பல ஆண்டு மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

அரசு உதவியை நம்பி மின் வண்டியின் விலையைக் கணக்கிடும் காலமும் கடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 2021 ஜூன் முதல் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக இருந்த மானியம், 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும், பிரதமர் இ-டிரைவ் திட்டத்தின் இரண்டாம் ஆண்டான 2025-26இல் 2,500 ஆகவும் இறங்கியது. சரக்கு, சேவை வரி 5 சதவீதமாகவே நீடிப்பதும், தமிழ்நாட்டு அரசு வாழ்நாள் வரியிலிருந்து விலக்கு அளித்துவந்ததும் மின் வண்டிக்குச் சாதகமானவை. அவ்விலக்கு வாங்கும் நாளில் நடப்பில் உள்ளதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லாத, 250 வாட்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை என்பதைக் காட்டி விற்கப்படும் மலிவு வண்டிகள், பள்ளிக்கும் கோயிலுக்கும் சென்றுவரும் முதியோர்க்குப் பொருந்தலாம். புறவழிச்சாலையைக் கடந்து வேலைக்குச் செல்கிறவருக்கு அவை ஆபத்தானவை.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு மின்னேற்றத்தின்போது பற்றிய தீயில் தந்தையும் மகளும் உயிரிழந்ததையும், அவ்வாண்டின் கோடையில் பிற ஊர்களில் நிகழ்ந்த தீ விபத்துகளையும் தொடர்ந்து, மின்கலப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய மின் வண்டி வாங்குகிறவருக்கு இத்தேதிகள் முக்கியமானவை. அதற்கு முன்பு தயாரான வண்டியை மலிவு என்பதற்காக மட்டும் எடுப்பது வேண்டாத துணிச்சல். எந்த ஆண்டின் வண்டியானாலும், படுக்கையறை வாசலிலும் வீட்டின் ஒரே வெளியேறும் வழியிலும் வைத்து இரவெல்லாம் மின்னேற்றக் கூடாது.

பழைய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு வருவோம். குறைவாக ஓட்டுகிறவருக்கு இதுவே ஏற்றது என்று முன்பு சொல்லப்பட்டது. அதில் கவனிக்க வேண்டிய பிரிவுக்கோடு 2020 ஏப்ரல் 1. அன்று நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிகளால் கார்புரேட்டர் போய், உணரிகளின் தகவலைக் கொண்டு எரிபொருளை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. அதற்கு முந்தைய வண்டியைத் தெருமுனை மெக்கானிக் ஒரு திருப்புளியோடு சரிசெய்துவிடுவார். பிந்தைய வண்டி காலைக் குளிரில் தயங்காமல் கிளம்பும், ஆனால் பழுதைக் கண்டறிய அதற்குரிய கருவி வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடிய, ஒரே உரிமையாளர் வைத்திருந்த பிஎஸ்-6 வண்டியே பெரும்பாலோர்க்கு நடுவழி. பார்க்கும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால் காலையில் கிளம்புவதில் ஏதோ குறை இருக்கிறது என்று ஐயுறலாம். 20,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் பெல்ட்டும் உருளைகளும் மாற்றப்பட்டனவா என்று கேட்க வேண்டும். சென்னையில் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற பெருவெள்ளத்தில் நின்ற வண்டி, கழுவித் துடைத்தபின் புதிதுபோலத் தெரியும். சீட்டுக்கு அடியிலும் கால்மிதியின் உட்புறத்திலும் சேற்றுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவணங்களில் கண்டிப்பு காட்டாத மலிவு, மலிவே அல்ல. பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால் படிவம் 35இன் வழி அது நீக்கப்பட வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 இரண்டும் கையொப்பமாக வேண்டும். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்தை ஒத்திப்போடுவது விற்பவருக்கே பெருங்கேடு. விபத்து நேரின் பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடியே நீதிமன்ற அழைப்பாணை வரும்.

உடல்வாகு பற்றிய பேச்சு விற்பனைத் தாள்களில் இடம்பெறுவதில்லை. 110 சிசி ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 105 கிலோவை ஒட்டிய எடையும் 765 மில்லிமீட்டரை ஒட்டிய சீட் உயரமும் கொண்டவை; யமஹாவின் 125 சிசி ஃபசினோ 99 கிலோதான். ஐந்து அடி உயரமுள்ள ஒருவர் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் தாமாகவே ஏற்ற முடிகிறதா என்று ஷோரூமிலேயே சோதிக்காவிட்டால், வண்டியை எடுப்பதற்கு நாள்தோறும் இன்னொருவரின் உதவி தேவைப்படும். பின்னால் பக்கவாட்டில் அமரும் பெண்களுக்குக் கால்வைக்கும் படியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டும் அழகுப்பொருள்கள் அல்ல. பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

பெண்களின் பயணத்தைத் தொட்டபின் இரண்டு அரசுத் திட்டங்களை ஒப்பிடாமல் செல்ல முடியாது. 2018 பிப்ரவரி 24இல் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் என்ற வரம்புக்குள் மானியமாகத் தந்தது. ஆட்சி மாறியபின் அது நின்றுபோய், 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஒன்று சொந்த வண்டியைக் கையில் கொடுத்தது, மற்றொன்று பயணத்தையே செலவற்றதாக்கியது. நேரடிப் பேருந்து உள்ள வழியில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, ஸ்கூட்டரின் போட்டியாளர் இன்னொரு ஸ்கூட்டர் அல்ல, அந்தப் பேருந்தே. காலை ஒன்பது மணிக்கு அப்பேருந்தில் கால்வைக்க இடம் கிடைக்குமா என்பதையும் பொறுத்தது அது.

110 சிசி வகுப்புக்குள்ளேயே ஆக்டிவாவா ஜூபிட்டரா என்று நடக்கும் வாதத்துக்குத் தகுதிக்கு மீறிய இடம் தரப்படுகிறது. 2020 ஜனவரியில் ஆறாம் தலைமுறை வரும்வரை ஆக்டிவா 110இன் முன்சக்கரம் 10 அங்குலமாக இருந்ததும், ஜூபிட்டர் 2013இல் அறிமுகமானபோதே இரு சக்கரங்களையும் 12 அங்குலமாக வைத்திருந்ததும் ஒருகாலத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் தாண்டிச் செல்லும். இன்று இவ்விரண்டும் நெருங்கிவிட்டன. கால்மிதிக்கு அடியில் பெட்ரோல் தொட்டியை அமைத்துச் சீட்டுக்கு அடியில் இரு தலைக்கவசங்களுக்கு இடம் செய்த 2024ஆம் ஆண்டு ஜூபிட்டரின் ஏற்பாடு, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறவருக்கு உண்மையிலேயே உதவும். இரண்டு பேரோடு மேம்பாலங்களை நாள்தோறும் ஏறுகிறவருக்கு சுசுகி ஆக்சஸ் போன்ற 125 சிசி வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. மற்றபடி, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் இருக்கிறதோ, எதன் உதிரிபாகம் அன்றே கிடைக்கிறதோ, அந்த வண்டியே சிறந்த வண்டி.

பாதுகாப்புக்கு ஆகும் செலவைத் தனிக்கணக்காக வைப்பது வழக்கம், அது தவறு. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 125 சிசி வரையுள்ள வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட இணைப்பு பிரேக், இடக்கைப் பிடியை அழுத்தினாலே இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டுகிறவரும் பின்னால் அமர்கிறவரும் தலைக்கவசம் அணிவது சட்டம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்பதே குற்றம். புது இருசக்கர வண்டியோடு தரச்சான்று பெற்ற ஒரு தலைக்கவசத்தையும் உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. சாவியை வாங்கும் முன் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.